அவ தூக்குற எடை

எங்க ஊட்டுக்காரரை எதுக்குமா கேக்கப்போற? என்னைக் கேளு. பருந்து மீனை எந்தக் காலால புடிக்குது, எப்படித் தூக்கிக்கினு போவுது, தலை எந்தப் பக்கம் இருக்கும், வாலு எந்தப் பக்கம் இருக்கும், எல்லாம் நான் சொல்றேன். ஆசையாப் பாக்குறவங்களை விட வயித்தெரிச்சலோட பாக்குறவங்களுக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியும். உக்காரு. இந்தக் கூடைய அப்படி நவுத்திட்டு உக்காரு. நாத்தமடிக்குதா? அடிக்கத்தான் செய்யும். மீன்காரி பக்கத்துல மல்லிப்பூ வாசனையா வரும்?

அவரு இன்னொரு கூடைக்கு ஐஸ் வாங்கப் போயிருக்காரு. ஐஸ் கடையில எப்பவும் கூட்டம். அவரு வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒரு விஷயம் கேட்டுக்கணும். ஆனா எடுத்த எடுப்புல கேட்டா உனக்குப் புரியாது, பைத்தியக்காரின்னு நெனைச்சுக்குவ. முதல்லேருந்து சொல்றேன். அதோ வர்றது பொன்னேரி வண்டியா பாரு, எனக்கு போர்டு தெரியல. இல்லியா? சரி விடு.

காலையில நான் கரையில நின்னு மீனைத் தூக்கிப் போட்டேன், சர்ருனு ஒண்ணு வந்து அள்ளிக்கினு போச்சு, நீ படம் புடிச்ச. "ஆண்ட்டி, ஒத்தக்கால் கருடன் ஒண்ணு இங்க இருக்குதாமே, அது இதானா?"ன்னு கேட்ட. நான் பதிலே சொல்லாம அவரைத் தள்ளிக்கினு வந்துட்டேன். தப்பா எடுத்துக்காத கண்ணு. அவரு பக்கத்துல நின்னாரு, அதான்.

எம்பேரு தேசராணி. இந்தக் குப்பத்துலயே பொறந்து இந்தக் குப்பத்துலயே வாக்கப்பட்டவ. அவரு பேரை நான் சொல்லமாட்டேன், ஏலக் கொட்டாயில கேட்டா கோதண்டம்னு சொல்லுவாங்க. ஏரியில வலை போடுறது அவரு. பஸ்ஸு புடிச்சுப் போய் டவுன்ல விக்கிறது நானு. பொண்ணை எண்ணூர் பக்கம் கட்டிக் கொடுத்தாச்சு. ஊட்டுல நாங்க ரெண்டே பேருதான். ரெண்டே பேருன்னுதான் நானும் நெனைச்சுக்கினு இருந்தேன்.

நல்ல மனுசன்தான், அத்த சொல்லாம இருக்கக்கூடாது. குடி கிடையாது, கை நீட்டமாட்டாரு. ஆனா வாயத் தொறந்து பேசவும் மாட்டாரு. என்னைக் கூப்பிடணும்னா "இந்தா". சோறு வேணும்னா "இந்தா". பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, எட்டிப் பாத்தாரு, "இந்தா"ன்னு ரெண்டு சாத்துக்குடிய வச்சுட்டுப் போயிட்டாரு. அதுக்கெல்லாம் நான் மூஞ்சத் தூக்கி வச்சுக்கினது இல்ல. ஏரிக்காரங்களுக்குப் பேச்சு வராதுன்னு எங்கம்மா சொல்லும், பேசினா மீன் ஓடிடும்னு பழகிப் போச்சாம். சரின்னு இருந்துட்டேன்.

எங்க ஏரியில முறை வச்சுத்தான் வலை போடுவாங்க. இன்னிக்கு ஒரு கூட்டம் போட்டா நாளைக்கு வேற கூட்டம். முறை இல்லாத அன்னிக்கு ஆம்பளைங்க இழுத்துப் போத்திக்கினு தூங்குவாங்க. போன கோடையில இவரு முறை இல்லாத அன்னிக்கும் விடியக்காத்தால எழுந்து போக ஆரம்பிச்சாரு. சும்மா போனாக்கூடப் பரவாயில்ல. சட்டைய மாட்டிக்கினு போறாரு! ஏரிக்குப் போறவன் எவனாவது சட்டை போடுவானா? பொண்ணு தீவாளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. அத்த மாட்டிக்கினு, தலைய வாரிக்கினு.

பக்கத்து ஊட்டு அம்சா இருக்குதே, அதுக்கு அடுத்த ஊட்டு அடுப்புல இன்னா வேவுதுன்னு தெரியலன்னா தூக்கம் வராது. அது வந்து சொல்லுது, "அக்கா, உங்க ஊட்டுக்காரரு வலையில விழுந்ததுல நல்லதாப் பொறுக்கித் தனியா இலையில மடிச்சு வைக்கிறாரு. யாருக்குண்ணான்னு கேட்டா சிரிக்கிறாரு"ன்னு.

சிரிக்கிறாரா! மீனை மடிச்சு வச்சதுகூடப் பெருசா தெரியல. எங்கிட்ட சிரிக்காத சிரிப்பு யாருக்கு?

மறுநாள் பின்னாலயே போனேன். சேலைய இழுத்துச் சொருவிக்கினு, கொண்டைய இறுக்கிக் கட்டிக்கினு, சண்டைக்குத் தயாராத்தான் போனேன். படகுத்துறையத் தாண்டி சவுக்குத் தோப்பு முனையில போய் நின்னாரு. நான் கவுத்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால உக்காந்துக்கினேன். தோப்புக்குள்ளேருந்து எந்தச் சிறுக்கி வரப்போறான்னு அந்தப் பக்கமே பாத்துக்கினு இருக்கேன். இவரு தோப்பைப் பாக்கல. அண்ணாந்து பாத்து, "வாம்மா"ன்னாரு.

"வாம்மா"ன்னாரும்மா! எனக்கு ஒரு வாட்டியும் வராத "மா" அங்க வந்துச்சு.

நானும் அண்ணாந்து பாத்தேன். வானத்தைப் பாத்து எத்தினி காலம் ஆச்சோ. தலையில கூடை வச்சுக்கினு நடக்குறவளுக்கு வானம் எங்க தெரியும்? காலடியில கிளிஞ்சல் குத்தாம போனாப் போதும். அதனாலதான் ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாம இருந்திருக்குது. மேல பாத்தா, கருடன். செங்கல் கலர் உடம்பு, தலையும் கழுத்தும் வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி. என் கை தானாப் போய்க் கன்னத்துல போட்டுக்கிச்சு, பழக்க தோஷம். அப்புறந்தான் வயிறு எரிஞ்சுது.

அவளுக்கு ஒரு காலு சூம்பிப் போய் வயித்தோட ஒட்டிக்கினு இருக்கும். நகம் இருக்குது, வெரல் மடங்காது. மீனைப் புடிக்கிறதெல்லாம் இன்னொரு காலாலதான்.

நல்லா இருக்கிற பருந்து எப்படித் தூக்கும் தெரியுமா? தண்ணி மேல நிக்காது. வந்த வேகத்துலயே ரெண்டு காலையும் முன்னால நீட்டி அள்ளும். மேல ஏறச்சொல்ல காலுக்குள்ளயே மீனை ஒரு திருப்பு திருப்பும். தலை முன்னால, வாலு பின்னால. அது எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே மீனும் பாத்துக்கினு போவும், பஸ்ஸுல முன்சீட்டுல உக்காந்துக்கினு போற மாதிரி. அப்பத்தான் காத்து இடிக்காது. பனிக்காலத்துல விராலடிப்பான்னு ஒரு பருந்து வரும், பெருசு. அது ஒரு காலை முன்னால வச்சு, ஒரு காலைப் பின்னால வச்சு, இம்மாம் பெரிய மடவை மீனைக்கூட நேராப் புடிச்சுக்கினு போவும். மீன்தான் அத்தத் தூக்கிக்கினு போவுதோன்னு தோணும்.

ஒத்தக்கால்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரே காலு. நடுவுல புடிச்சா மீன் குறுக்கால கெடக்கும், காத்து வந்து அதோட அகலத்துல அறையும், இவ ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு பறப்பா. வாலைப் புடிச்சுட்டா மீன் தலைகீழாத் தொங்கி ஊஞ்சலாடும். பாதி வழியில வலைக் கழி மேல உக்காந்து மூச்சு வாங்குவா. அதுக்குள்ள ரெண்டு காக்காவும் ஒரு கள்ளப்பருந்தும் வந்து வம்பிழுக்கும், போட்டுடுவா. போட்டுட்டு, போட்ட எடத்தையே சுத்திச் சுத்திப் பாப்பா. பாவமாத்தான் இருக்கும். ஆனா எனக்கு எதுக்குப் பாவமா இருக்கணும்?

அன்னிக்கு அவரு இலையப் பிரிச்சு ஒரு மடவைக் குஞ்ச எடுத்தாரு. உள்ளங்கையில வச்சு ஏத்தி எறக்கிப் பாத்தாரு. வெத்தலை வாங்குறவன் கட்டைத் தூக்கிப் பாப்பானே, அப்படி. தலைய ஆட்டிக்கினு தனக்குத்தானே சொல்றாரு, "இது வேணாம், அவளுக்குப் பாரம்."

பாரம்!

கேட்டியா? நாலு விரல் நீளம் மடவைக் குஞ்சு. அவளுக்குப் பாரம். நான் இந்தக் கூடைய ஐஸோட தலையில ஏத்திக்கினு, மணல்ல, பாலத்து மேல, இந்தப் பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் எம்மாம் வருஷமா நடந்துக்கினு இருக்கேன்? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கூடைக்கு அடியில கைய வச்சு, "பாரமா இருக்குதா?"ன்னு கேட்டிருப்பாரா?

படகுக்குப் பின்னாலேருந்து எழுந்துட்டேன். "இன்னாயா, யாருக்குப் பாரம்?"னேன்.

திருடுன கையோட மாட்டிக்கினவன் மாதிரி நின்னாரு. அப்புறம் பேச ஆரம்பிச்சாரு. அவ அவரு வலையிலதான் மாட்டிக்கினாளாம். வலை நரம்பு காலைச் சுத்தி இறுக்கிப் போச்சாம். அறுத்து விடுறதுக்குள்ள காலு செத்துப் போச்சாம். "நம்ம வலையாலதானே அவளுக்கு இந்தக் கெதி, கண்ணால பாத்துட்டு எப்படி விடுறது?"ன்னாரு. முள்ளு இருக்கிற கெளுத்திய போடக்கூடாதாம். காத்துக்கு எதுத்தாப்புல நின்னு, மீனோட தலை அவ போற பக்கம் இருக்கிற மாதிரி சுண்டணுமாம். செவுளுக்குப் பின்னால நகம் விழுந்துட்டா ஒரே காலு போதுமாம், மீன் தானா நேரா நின்னுக்குமாம். நீலச் சட்டையப் பாத்தாத்தான் அவ தகிரியமா எறங்குவாளாம். கட்டின நாள்லேருந்து எங்கிட்ட அம்மாம் நேரம் அவரு பேசினது அன்னிக்குத்தான். பேச்சு பூரா அவளைப் பத்தி.

நான் ஒண்ணுதான் கேட்டேன். "அவ காலு உன் வலையில போச்சு, சரி. என் முட்டி யாரு வலையில போச்சு?"

கையில இருந்த மீனைப் பாத்தாரு. ஊரான் ஊட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்க. இங்க என் ஊட்டு மீனு, எவளோ ஒருத்தி காலு.

பொம்பளையா இருந்தா மயிரைப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பேன். இவ மேல பறக்குறா. கல்லெடுத்து அடிக்கலாம்னா பெருமாள் வாகனம், கை கூசுது. சனியன்னு ஏசிட்டு உடனே கன்னத்துல போட்டுக்கணும். இப்படி ஒரு சக்களத்திய ஆண்டவன் வேற எவளுக்காவது கொடுத்திருப்பானா சொல்லு? நல்லா ஏசக்கூட வழியில்ல.

படுத்தா தூக்கம் வரல. இவரு பக்கத்துல படுத்துக்கினு நாளைக்கு எந்த மீனு, எம்மாம் நீளம்னு நெனைச்சுக்கினு இருப்பாருன்னு தோணும். புரண்டு புரண்டு படுத்துக் கடைசியில ஒரு புத்தி வந்துச்சு. அவளை அவருகிட்டேருந்து வெரட்ட முடியல. அப்ப அவளை நானே எடுத்துக்கினா இன்னா?

அவருக்கு முன்னால எழுந்தேன். சேலை மேல அந்த நீலச் சட்டைய மாட்டிக்கினேன். இதோ போட்டிருக்கேன் பாரு, இதேதான். இவரு போடுறது ஏரியில விழுந்த காரப்பொடி மீனு. நான் மீன்காரியாச்சே. நல்ல கெழங்கா மீனாப் பாத்து, கொடல் எடுத்து, தலைய அப்படியே வச்சு, வாலைக் கொஞ்சம் நறுக்கி எடுத்துக்கினு போனேன். வாலு இல்லன்னா காத்து இடிக்கிறது கொறையும் பாரு, அது அவருக்குக்கூடத் தோணல. முதல் நாளு சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போயிட்டா. அடுத்த நாளு தண்ணியில விழுந்தத எடுத்தா. அப்புறம் ஒரு நாளு நான் சுண்டினத மேலயே வச்சுப் புடிச்சா. செவுளுக்குப் பின்னால, கரெக்டா. நேராத் தூக்கிக்கினு போனாம்மா, ஆடாம அசையாம. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கோவத்துலதான்.

அம்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுது, தேசராணிக்கு ஆம்பளைச் சட்டை கேக்குது, பைத்தியம் புடிச்சுருச்சுன்னு. சிரிச்சுட்டுப் போவட்டும்.

அதுக்கப்புறம் ஒரு நாளு ரெண்டு பேருமே கரையில நிக்கிறோம். அவரு அந்தாண்ட, பழைய சட்டையில, கையில மீனோட. நான் இந்தாண்ட. அவ தோப்புலேருந்து வந்தா. அவரு "வாம்மா"ன்னாரு. அவரு தலை மேல வந்தா, அவரைத் தாண்டினா, எங்கிட்ட வந்து எடுத்துக்கினு போனா. ஆனைக்கொரு காலம்னா பூனைக்கொரு காலம் வராதா? அவரு மூஞ்சியப் பாக்கணுமே! நீட்டின கை நீட்டினபடியே நிக்குது. எனக்கு அன்னிக்குத்தான் கலியாணம் ஆன மாதிரி இருந்துச்சு.

மறுநாள் விடியக்காத்தால நான் கூடையத் தூக்கப் போறேன், வந்து நின்னாரு. "இந்தா, நீ முன்னால போ. கூடைய நான் எடுத்துக்கினு வர்றேன்"னாரு.

தூக்கித் தோள்ல வச்சாரு. வச்ச ஒடனே ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. கூடைய ஒரு வாட்டி பாத்தாரு, என்னை ஒரு வாட்டி பாத்தாரு. எனக்குத் தெரியாதா இன்னா? பருந்துக்காக வராரு. கூடையத் தூக்குனா நான் பக்கத்துல நிக்க விடுவேன்னு கணக்குப் போட்டு வராரு. வரட்டுமேன்னு விட்டேன்.

அதுலேருந்து தெனமும் வந்தாரு. நான் மீனைச் சுண்டுறது சரியில்லன்னு என் மணிக்கட்டைப் புடிச்சு, "இப்படி, கொஞ்சம் தாழ"ன்னு சொல்லிக் கொடுத்தாரு. நான் வேணும்னே மறுநாளும் தப்பாச் சுண்டினேன். இங்க வந்து கூடைய எறக்கி வச்சுட்டு ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அதோ அந்தக் கடையிலதான். குப்பத்துல எவ புருசனாவது பொண்டாட்டியோட நின்னு டீ குடிச்சு நீ பாத்திருக்கியா? அம்சாவுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு. பேச்சு எங்கிட்ட, கண்ணு மேல. தோள்ல கூடைய வச்சுக்கினு கழுத்தத் திருப்பித் திருப்பி வானத்தையே பாத்துக்கினு நடப்பாரு. நான் பேசிக்கினே இருப்பேன், இவரு "ம்"னு சொல்லிக்கினே மேல தேடுவாரு. அந்த நேரத்துல அவளை அப்படியே புடிச்சு... வேணாம், காலங்காத்தால வாயில வரக்கூடாது.

அப்புறம் அந்தப் புயல் வந்துச்சு. நீ டவுன்ல இருந்திருப்ப, உனக்குக் கரண்டு போயிருக்கும், அவ்ளோதான். இங்க ஏரியும் கடலும் ஒண்ணா ஆயிடுச்சு. சவுக்குத் தோப்புல பாதி மரம் சாஞ்சு கெடந்துச்சு. ஒரு வாரம் எவனும் படகை எறக்கல. மழை விட்ட அன்னிக்கு இவரு படகுக்குள்ள புகுந்த மணலை வாரிக்கினு இருந்தாரு. நான் மட்டும் கரைக்குப் போனேன், ஐஸ்ல மிச்சம் கெடந்த மீனு எடுத்துக்கினு.

வேற ரெண்டு மூணு பருந்து வந்துச்சு. அவ வரல. மறுநாளும் போனேன், வரல. செத்தாளோ, வேற கரைக்குப் போனாளோ, இன்னி வரைக்கும் தெரியாது.

மனசுல உள்ளத சொல்றேன், முதல்ல எனக்கு சந்தோசந்தான். ஒழிஞ்சாடா ஆண்டவனேன்னு கன்னத்துல போட்டுக்கினு ஊட்டுக்கு நடந்தேன். பாதி வழி வந்திருப்பேன். அப்பத்தான் தோணிச்சு. அவ இல்லன்னா நாளைக்கு இவரு எதுக்கு வருவாரு? கூடை யாரு தலைக்குத் திரும்பி வரும்? எவ ஒழியணும்னு வேண்டினேனோ அவளை வச்சுத்தான் என் டீ, என் பேச்சு, எல்லாம். அங்கயே மணல்ல உக்காந்துட்டேன்.

மறுநாள் அவரு கூடையோட வந்தாரு. கரையில நின்னாரு. மேல பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கண்ணைக் கசக்கிக்கினு சொல்றாரு, "இந்தா, மழையில எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. ஒண்ணும் சரியாத் தெரியல. நீ பாத்து சொல்லு, அவ வந்துட்டாளா?"

பெருமாள் இருக்காரும்மா. நேரம் பாத்து அவரு கண்ணை மறைச்சாரு பாரு! "தோ வராளே"ன்னு சொல்லி மீனைச் சுண்டினேன். எவளோ ஒரு ரெண்டுகால்காரி வந்து அள்ளிக்கினு போனா. மீனை ஒரே திருப்பு, தலை முன்னால, வாலு பின்னால, ஜோரா போறா. இவரு அத்தையே பாத்துக்கினு இருந்துட்டு, "நல்லாத் தூக்குறாளே இப்போ. மீன் ஆடவே இல்ல"ன்னாரு. சிரிச்சாரு வேற. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் யோசிச்சேன், கண்ணு தெரியாதவரு இன்னாத்தக் கண்டாரு, நம்ம கெழங்கா வாலை நறுக்கினா ஆடாதுன்னு ஒரு குத்துமதிப்பா சொல்றாரு. "ஆமாயா, காலு கொஞ்சம் குணமாயிருக்கும் போல"ன்னேன். "இருக்கும், இருக்கும்"னாரு.

இப்பல்லாம் தெனமும் இந்தக் கூத்துதான். அவரு மேல பாக்குறதையே விட்டுட்டாரு, பாத்தாலும் தெரியாதுன்னு விட்டுட்டாரு போல. அவளைப் பத்திக் கேக்குறதும் கொறைஞ்சு போச்சு. நான்தான் ஞாபகப்படுத்துறேன், "இன்னிக்கும் வந்தா பாத்தியா"ன்னு. என் தலையெழுத்தப் பாரு, சக்களத்தி பேரை நானே எடுத்துக் கொடுக்குறேன். அவரு மறந்துட்டா எனக்குத்தானே நட்டம்?

கண்ணு அவருக்கு அப்படி ஒண்ணும் மோசமில்ல, பக்கத்துல இருக்குறது தெரியும். வலையில பொத்தல் அடைக்கிறாரு, அது கைப்பழக்கம். நேத்துகூடப் பாலத்துக்கு அந்தக் கோடியிலேருந்து, "இந்தா, உன் செருப்பு வார் அறுந்துக்கினு இருக்குது, பாத்து நட"ன்னு கத்தினாரு. நான் நொண்டி நடந்தத வச்சுச் சொல்லியிருப்பாரு. வந்து உக்காந்து கம்பி வச்சுக் கட்டிக் கொடுத்தாரு. இதோ பாரு.

அதான் கண்ணு உங்கிட்ட கேக்குறேன். அவரு வந்தா, காமிராவப் பாத்துட்டு, எங்க ஒத்தக்கால்காரியப் பாத்தியாமான்னு உன்னைக் கேட்டாலும் கேப்பாரு. பாத்தேன்னு சொல்லு. நல்லாத் தூக்குறான்னு சொல்லு. ரொம்பப் புகழாத, அது எனக்கு இன்னும் ஆவாது. படத்த மட்டும் காட்டிடாத. பெருசு பண்ணிக் கண்ணுகிட்ட வச்சா அவருக்கே தெரிஞ்சுடும். ரெண்டு காலும் விழுந்திருக்குதா அதுல? காட்டு. எனக்கு ஏதோ செவப்பா ஒரு புள்ளிதான் தெரியுது. நீயே பாத்து சொல்லு. ரெண்டு காலா? நல்லாத் தெரியுதா? அய்யய்யோ. அத்த அழிச்சுடு கண்ணு. உனக்கு வேற படம் கெடைக்காதா? இந்த ஏரியில பருந்துக்கா பஞ்சம்?

இரு. ஒரு நிமிஷம் இரு. இங்க நீலமாத் தெரியுறது நானா? பின்னால கூடையோட நிக்கிறது அவரா? அவரு எங்க பாக்குறாரு? கழுத்த வளைச்சுக்கினு மேலதானே பாக்குறாரு? பருந்து மீனை அள்ளுற நேரமாச்சே, கண்ணு தெரியுதோ இல்லியோ மேலதான் பாப்பாரு. எனக்குத் தெரியாதா அவரை? சொல்லு.

என்னது?

என்னையா?

நல்லாப் பாத்தியா? மேல இல்லியா? மூஞ்சி நேரா என் பக்கமா?

அய்யோ பாவம்மா அவரு. கண்ணு அம்மாம் கெட்டுப் போச்சு. தலைக்கு மேல அம்மாம் பெரிய பறவை போவுது, எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியாம என் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருக்காரு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போய்க் காட்டணும்.

தோ, அங்க கூடையோட வர்றது அவருதானே? அந்தக் காமிராவ மூடு. அழிச்சுட்டியா? இன்னும் இல்லியா?

அழிக்காத. இருக்கட்டும்.